புடவைக் கடைத் தளத்துக்கு எந்த ஸ்லைடர் பிளகின்?

பெங்களூரு சிக்பேட்டையில் குடும்பம் நடத்தும் பட்டுப்புடவைக் கடைக்கு வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் தளம் அமைத்துக்கொண்டிருப்பதாகவும், முகப்பின் உச்சியில் பத்துப் புடவைப் படங்கள் தாமாகவே மாறி மாறி வர வேண்டும் என்று அப்பா விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஸ்லைடர் ரெவல்யூஷன், ஸ்மார்ட் ஸ்லைடர் 3, மெட்டாஸ்லைடர் ஆகிய மூன்று ஸ்லைடர் பிளகின்களில் (இப்படிப் படத்தை மாற்றிக் காட்ட வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணைநிரல்கள்) எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் கேள்வி. முதலாவது, விலைகொடுத்து வாங்கிய தீமுடன் (தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பு) இலவசமாகவே வந்திருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாமா என்பது துணைக்கேள்வி. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் வாட்ஸாப்பில் வரும் இணைப்பைச் செல்போனில் திறந்து பார்ப்பவர்கள் என்றும், படங்களின் மேல் ஆங்கிலம், கன்னடம், தமிழ் மூன்றிலும் எழுத்து வர வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறீர்கள். இந்தக் கடைசி இரண்டு விவரங்களே விடையைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீமுடன் வந்ததை நீக்கிவிடுங்கள். உச்சியில் படம் மாறத்தான் வேண்டும் என்றால் ஸ்மார்ட் ஸ்லைடர் 3-இன் இலவசப் பதிப்பைப் போட்டு, மூன்று படங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதிப் புடவைகளை அதன் கீழே, பார்ப்பவர் தம் விரலால் தள்ளிப் பார்க்கும் வரிசையாக அமையுங்கள். அதற்குப் பிளகினே தேவையில்லை. காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பத்துப் படம் கேட்ட அப்பாவிடம் மூன்றோடு நிறுத்தச் சொல்லப்போவது நீங்கள்தான்.

தானாக மாறும் படவரிசையில் முதல் படத்தைத் தவிர மற்றவற்றை ஏறத்தாழ யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதற்கு, 2013 ஜனவரியில் வெளிவந்த இரண்டு பதிவுகளை இந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அமெரிக்காவின் நோட்டர்டாம் பல்கலைக்கழகத்தின் இணையப் பிரிவில் பணியாற்றிய எரிக் ரன்யன், அந்தப் பல்கலைக்கழக முகப்பின் கணக்கை வெளியிட்டார். வந்தவர்களில் சுமார் 1 சதவீதத்தினரே ஸ்லைடரில் எதையாவது அழுத்தியிருந்தார்கள். அந்த அழுத்தல்களிலும் 84 சதவீதம் முதல் படத்தின் மீதே விழுந்திருந்தது. அதே மாதம் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன், சீமென்ஸ் நிறுவனத்தின் பிரிட்டிஷ் தளத்தில் ஒருவரைச் சலவை இயந்திரத்துக்குச் சலுகை உண்டா என்று தேடச் சொன்ன சோதனையை விவரித்தார். சலுகை முகப்பிலேயே மிகப் பெரிய எழுத்தில் இருந்தும் அவர் அதைக் காணவில்லை. நகர்ந்துகொண்டே இருந்ததாலும், விளம்பரம் போலத் தோன்றியதாலும் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது.

பல்கலைக்கழக முகப்பும் புடவைக் கடை முகப்பும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்லலாம்; நியாயம்தான். புடவை வாங்க வருபவர் படம் பார்க்கவே வருகிறார். ஆனால் அவர் தம் வேகத்தில் பார்க்க விரும்புகிறார். முந்தானையின் வேலைப்பாட்டை உற்றுப் பார்க்கும் நேரத்தில் படம் தானாக நழுவிப் போனால், அதைத் திரும்பக் கொண்டுவர அவர் முயல்வார் என்று நம்புவதற்கு இடமில்லை. எனவே பத்துப் படங்களும் பார்க்கப்பட வேண்டும் என்றால், அவற்றைப் பார்ப்பவரின் கையில் கொடுத்துவிடுவதே வழி. தானாக மாறுவது கடையின் இருப்பை அறிவிக்கும் இரண்டு மூன்று படங்களோடு போதும்.

இனி பிளகினுக்கு வருவோம். முதல் படமே முக்கியம் என்று ஆனபின், ஒரு பிளகினைப் பார்த்துக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எத்தனை விதமாகப் படத்தைப் புரட்டிப் போடும் என்பதன்று. மலிவான போனில், சுமாரான சிக்னலில், முதல் படத்தை எவ்வளவு விரைவாகத் திரையில் கொண்டுவந்து நிறுத்தும் என்பதே. கூகுள் தளங்களின் வேகத்தை அளக்க மூன்று அளவுகோல்களை வைத்திருக்கிறது. திரையில் தெரியும் மிகப் பெரிய பொருள் 2.5 விநாடிக்குள் வந்துவிட வேண்டும். தொட்டதற்கு மறுவினை 200 மில்லி விநாடிக்குள் தெரிய வேண்டும். ஏற்றம் நடக்கும்போது பக்கம் குதித்து நகர்வதன் அளவு 0.1-ஐத் தாண்டக் கூடாது. இரண்டாவதாகச் சொன்னது 2024 மார்ச்சில் பழைய அளவுகோல் ஒன்றுக்கு மாற்றாக வந்தது. வருகைகளில் முக்கால் பங்கேனும் இந்த எல்லைக்குள் அமைய வேண்டும் என்பது கணக்கு. உச்சியில் ஸ்லைடர் உள்ள பக்கத்தில் மிகப் பெரிய பொருள் என்பது ஏறக்குறைய எப்போதும் அந்த ஸ்லைடரின் முதல் படமாகத்தான் இருக்கும். ஆகவே முகப்பின் மதிப்பெண்ணே பிளகினின் கையில் போய்விடுகிறது.

இதில் பிளகின்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு, அவற்றைப் பிரித்துத் தெரிந்துகொள்வது பயன்தரும். சில பிளகின்கள் படத்தைப் பக்கத்தின் மூலமொழியான எச்டிஎம்எல்லில் படமாகவே எழுதாமல், தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் வழியாகப் பின்னணிப் படமாக வைக்கின்றன, அல்லது உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓடிய பிறகே அதை உருவாக்குகின்றன. உலாவி பக்கத்தின் மூலத்தைப் படிக்கத் தொடங்கியவுடனே அதில் கண்ணில் படும் படங்களை முன்கூட்டியே வரவழைத்துவிடும். இப்படி ஒளித்துவைத்த படம் அதன் கண்ணில் படுவதில்லை. பிளகினின் நிரல் முழுவதும் இறங்கி, அது ஓடி, அதன்பின் படம் கேட்கப்படுகிறது. சில பிளகின்கள் எல்லாப் படங்களையும் தாமதமாக ஏற்று என்று குறியிட்டுவிடுகின்றன. இரண்டாவது படத்திலிருந்து அது நல்ல பழக்கம். முதல் படத்துக்குக் கெடுதல். வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பிலேயே தாமத ஏற்றத்தைப் புகுத்தியதும், 6.3 பதிப்பில் முதல் பெரிய படத்துக்கு முன்னுரிமைக் குறியைத் தானே சேர்க்கத் தொடங்கியதும் இந்தச் சிக்கலை ஒட்டித்தான். ஆனால் தம் படங்களைத் தாமே அச்சிடும் ஸ்லைடர்களுக்கு அந்த வசதிகள் போய்ச் சேரும் என்று உறுதியில்லை. இன்னும் சில, முதல் படத்தையும் மறைத்துவைத்து மெல்ல மெல்லத் தோன்றச் செய்கின்றன. அந்த ஒரு விநாடி அழகு, அளவையில் ஒரு விநாடித் தாமதமாகப் பதிவாகும். ஸ்லைடருக்கான உயரத்தை முன்பே ஒதுக்கி வைக்காத பிளகினில், படம் வந்து விழுந்ததும் கீழே உள்ள எழுத்தெல்லாம் திடீரென்று இறங்கும். வாட்ஸாப் பொத்தானை அழுத்தப் போன விரல் வேறொன்றை அழுத்திவிடும்.

படங்களின் பக்கமும் ஒரு பங்கு பொறுப்பு இருக்கிறது. செல்போனில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் 4000-க்கு 3000 புள்ளிகள் கொண்டது. எடை மூன்று முதல் ஐந்து எம்பி வரை போகும். வேர்ட்பிரஸ் 5.3-க்குப் பிறகு பெரிய படங்களை 2560 புள்ளிக்குக் குறைத்துக்கொள்கிறது என்றாலும், போன் திரைக்கு அதுவும் மிகை. 1080 புள்ளி அகலம் இருந்தால் இன்றைய போன்களுக்குப் போதும். கணினித் திரைக்கு 1920. கோப்பு வகையில் வெப்பி (WebP) நல்லது; அதே தரத்தில் ஜேபெக்கைவிட நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடை குறையும் என்பது கூகுளின் கணக்கு. வேர்ட்பிரஸ் 5.8 முதல் அதை நேரடியாக ஏற்கிறது. ஆனால் பட்டுப்புடவைக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ஜரிகை என்பது நுண்ணிய, மின்னும் கோடுகளின் நெருக்கம். வெறும் வானமோ சுவரோ உள்ள படத்தை நன்றாகச் சுருக்கலாம். ஜரிகைக் கரை அப்படிச் சுருங்காது, அழுத்திச் சுருக்கினால் கரை முழுவதும் திட்டுத்திட்டாகக் கலங்கி, தூய ஜரிகை போலி ஜரிகை போலத் தோன்றும். ஆகவே தரத்தைக் குறைத்து எடையைக் குறைக்க முயலாதீர்கள், அகலத்தைக் குறையுங்கள். படத்தில் கரை, உடல், முந்தானை மூன்றையும் திணிக்காமல் ஒன்றை மட்டும் அருகில் காட்டுங்கள். பின்னணி வெறுமையாக இருந்தால் எடையும் குறையும், கண்ணும் புடவைக்குப் போகும். வேறு ஏதேனும் ஒரு பிளகின் படத்தை மறுபடியும் சுருக்குகிறதா என்றும் பாருங்கள். இருமுறை சுருக்கிய ஜரிகையைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. உங்கள் கடையில் மடித்துக் காட்டும் பையனே சொல்லிவிடுவான்.

புடவையை விரித்துத் தொங்கவிட்டு எடுத்த படம் நெட்டையானது. முகப்பின் பட்டையோ குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். ஒரே படத்தை இரண்டுக்கும் கொடுத்தால், கணினியில் முந்தானை வெட்டுப்படும், போனில் கரை வெட்டுப்படும். ஆகவே படத்தின் எந்தப் பகுதி கட்டாயம் தெரிய வேண்டும் என்று குறித்துவைக்கும் வசதியோ, போனுக்கென்று வேறு படம் கொடுக்கும் வசதியோ பிளகினில் இருக்கிறதா என்று பார்ப்பது, நூறு வகை மாற்ற விளைவுகளைப் பார்ப்பதைவிட முக்கியம்.

இனி எழுத்து. மூன்று மொழி என்று நீங்கள் சொன்னதும் என் மனம் இதில்தான் நின்றது, ஏனென்றால் நம்மூர்க் கடைத் தளங்கள் பெரும்பாலும் கெடுவது இங்கேதான். எழுத்தைப் படத்துக்குள்ளேயே வரைந்து ஒட்டிவிடுவது எளிய வழி. வடிவமைப்பாளர்கள் அதைத்தான் செய்து கொடுப்பார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதிகள், ஒவ்வொரு பண்டிகைக்கும் மீண்டும் மூன்று. போனில் படம் சுருங்கும்போது எழுத்தும் சேர்ந்து சுருங்கி வாசிக்க முடியாமல் போகும். கூகுள் தேடலுக்கும், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களுக்கும் அந்த எழுத்து எழுத்தாகவே தெரியாது. எனவே படத்தின் மேல் உண்மையான எழுத்தாகவே வைக்க வசதியுள்ள பிளகினாக இருக்க வேண்டும். மொழிக்கொன்றாக ஸ்லைடரைப் படியெடுத்து எழுத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், படம் ஒன்றே.

உண்மையான எழுத்தாக வைத்தபின் வேறொரு பொறி காத்திருக்கிறது. ஸ்லைடர் பிளகின்களின் காட்சிப் பக்கங்களில் தலைப்பின் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து சேரும் விளைவைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் அது அழகாகவே இருக்கும். அந்த நிரல்களில் பல, சொல்லைக் கணினிக் குறியீடு ஒவ்வொன்றாக வெட்டித் தனித்தனிப் பெட்டியில் போடுகின்றன. ‘பட்டு’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் அது ப, ட, புள்ளி, ட, உகரக் குறி என்று ஐந்து. வெட்டினால் புள்ளி தனியே, உகரக் குறி தனியே, ஒவ்வொன்றும் ஒரு புள்ளிவட்டத்தின் மேல் தொங்கிக்கொண்டு வந்து நிற்கும். கன்னடத்தின் ஒத்தக்ஷரங்கள் (கீழே ஒட்டி வரும் கூட்டெழுத்துகள்) இதைவிடக் கோரமாக உடையும். சொல் சொல்லாக அல்லது வரி வரியாக ஆட்டும் விளைவுகள் இப்படி உடைவதில்லை. வரியின் உயரத்தை இறுக்கிவைத்து, அதற்கு வெளியே தெரிவதை மறைத்துவிடும் விளைவுகளிலும் எச்சரிக்கையாக இருங்கள்: ஆங்கிலப் பெரிய எழுத்துகளை மனத்தில் வைத்து அமைத்த அந்த உயரத்தில் ‘கூ’, ‘ழூ’ போன்றவற்றின் அடிப்பகுதி அறுந்துபோகும். பிளகினைச் சோதிக்கும்போது ‘லோரம் இப்சம்’ என்ற பொருளற்ற மாதிரி எழுத்தைப் போட்டுப் பார்ப்பது வீண். உங்கள் கடைப் பெயரையும் முகவரியையும் மூன்று மொழியிலும் போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரே வரியில் அடங்குவது தமிழில் இரண்டு வரியாகும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

தீமுடன் இலவசமாக வந்ததை ஏன் விடச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஸ்லைடர் ரெவல்யூஷனின் 4.2-க்கு முந்தைய பதிப்புகளில், வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் தளத்தின் கோப்புகளைத் தரவிறக்கிக்கொள்ளக்கூடிய ஓட்டை ஒன்று இருந்தது. தரவுத்தளத்தின் கடவுச்சொல் இருக்கும் அமைவுக் கோப்பும் அதில் அடக்கம். உருவாக்கியவர்கள் 2014 பிப்ரவரியிலேயே அதைச் சரிசெய்து புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டார்கள். ஓட்டை இருந்த செய்தி செப்டம்பரில்தான் பரவலாக வெளியே தெரிந்தது. அந்த டிசம்பரில் சோக்சோக் என்று பெயரிடப்பட்ட தீநிரல், இந்தப் பிளகினின் பழைய பதிப்புகள் வழியாக நுழைந்து பரவி, கூகுள் 11,000-க்கும் மேற்பட்ட தளப் பெயர்களை அபாயப் பட்டியலில் சேர்க்கும் அளவுக்குப் போனது. மருந்து வந்து பத்து மாதம் ஆன பிறகும் இத்தனை தளங்கள் ஏன் பாதிக்கப்பட்டன என்பதே நமக்கு வேண்டிய பாடம். அவற்றில் பலவற்றில் பிளகின் தீமுக்குள் பொதிந்து வந்திருந்தது. தீம் வாங்கியவருக்குத் தம்மிடம் அப்படியொரு பிளகின் இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் உரிமம் தீம் விற்றவரிடம் இருந்ததால் புதுப்பிப்பு நேராக அவருக்கு வராது. தீம் விற்றவர் தம் அடுத்த பதிப்பில் சேர்த்துக் கொடுத்தால்தான் உண்டு.

அந்த ஓட்டை அடைபட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன, இன்றைய ஸ்லைடர் ரெவல்யூஷனை அதைக் காட்டிக் குறைசொல்வது நேர்மையாகாது. குறை அந்த விநியோக முறையில் இருக்கிறது, அது இன்றும் மாறவில்லை. உங்கள் தீம் விற்பனையாளர் ஓராண்டில் கடையை மூடிவிட்டுப் போனால், பொதிந்து வந்த பிளகின் அன்றைய பதிப்பிலேயே உறைந்துவிடும். அந்தப் பிளகின்தான் வேண்டும் என்றால் உங்கள் பெயரில் உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணப் பிளகினை உடைத்து இலவசமாகத் தரும் தளங்கள் பக்கமே போகாதீர்கள். அங்கே கிடைப்பதில் கூடவே எது வருகிறது என்பது கொடுப்பவருக்கு மட்டுமே தெரியும்.

பிளகின் பழையதாவதால் கெடுவது பாதுகாப்பு மட்டுமன்று. 2020 ஆகஸ்டில் வேர்ட்பிரஸ் 5.5 வந்தபோது, ஜேக்வெரி என்ற ஆயத்த ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை நம்பிய பழைய நிரல்களைத் தாங்கிப்பிடித்த மைகிரேட் என்ற துணைக்கோப்பை இயல்பாக ஏற்றுவதை நிறுத்தியது. மறுநாள் காலையில் பல தளங்களில் ஸ்லைடர் இருந்த இடத்தில் வெற்றிடமோ, எல்லாப் படங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக நீண்டு கிடப்பதோதான் தெரிந்தது. அந்த ஸ்லைடர்களில் யாரும் எதையும் தொடவில்லை. ஆண்டுக்கணக்காகத் தொடாமல் விட்டதே காரணம். பிளகின்கள் உள்ளே பயன்படுத்தும் நூலகங்களையும் இதே கண்ணோடு பார்க்கலாம். ஸ்லிக் மிகப் பிரபலமானது, ஆனால் அதன் 1.8.1 பதிப்பு 2017-இல் வந்தது, அதற்குப் பின் புதிய வெளியீடு இல்லை. ஆவுல் கரோசலை அதை உருவாக்கியவர்களே கைவிட்டுவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். ஸ்வைப்பர், ஸ்ப்ளைட் இரண்டும் ஜேக்வெரியைச் சாராமல் இயங்குபவை. வேர்ட்பிரஸின் பிளகின் பக்கத்தில் கடைசியாகப் புதுப்பித்த நாள், எந்த வேர்ட்பிரஸ் பதிப்புவரை சோதிக்கப்பட்டது, உதவி கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்திருக்கிறதா ஆகிய மூன்றும் எழுதியிருக்கும். நட்சத்திரங்களைவிட இவை நம்பத்தக்கவை.

இன்னொரு கேள்வி: இந்தப் பிளகினை நீக்கும் நாளில் என்ன மிஞ்சும்? பெரும்பாலான ஸ்லைடர்கள் பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு குறுங்குறியாகத்தான் உட்காருகின்றன. பிளகினை நிறுத்தியதும் அந்தக் குறி அப்படியே எழுத்தாக வெளியே தெரியும். ஸ்லைடருக்குள் நீங்கள் எழுதிய தலைப்புகளும் இணைப்புகளும் பிளகினின் தனி அட்டவணைகளில் சிக்கிக்கொள்ளும். படங்கள் வேர்ட்பிரஸின் ஊடகக் கிடங்கிலேயே இருந்தால் அவையாவது மிஞ்சும். ஸ்லைடர் ரெவல்யூஷன் போன்ற பெரிய கருவிகளில் பக்கத்தின் பாதியையே கட்டிவிட முடியும் என்பது அவற்றின் பெருமை. விட்டு வெளியேறுவது கடினம் என்பதும் அதனால்தான்.

இப்போது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஸ்லைடர் ரெவல்யூஷன் அசைவூட்டத்துக்கான முழுப் பட்டறை. திரைப்பட விளம்பரம், கார் அறிமுகம் போன்ற தனிப் பக்கங்களுக்கு அதை எடுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. கையாளத் தெரிந்த ஆள் கூடவே இருக்க வேண்டும். மூன்று புடவைப் படங்களை மாற்றிக் காட்ட அது தேவையில்லாத கனம். மெட்டாஸ்லைடர் இதற்கு நேர் எதிர்: ஊடகக் கிடங்கிலிருந்து படங்களைத் தேர்ந்தெடுத்து, கீழே ஒரு வாசகம் எழுதினால் வேலை முடிந்தது. கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். ஆனால் அது பெரிதும் சார்ந்திருக்கும் ஃப்ளெக்ஸ்ஸ்லைடர் என்ற நூலகத்துக்கு ஜேக்வெரி வேண்டும். படத்தின் மேல் எழுத்தைப் பலவிதமாக அடுக்கிவைக்கும் வசதி கட்டணப் பதிப்பில்தான் கிடைக்கும். எழுத்தே வேண்டாம், படம் மட்டும் என்றால் இதையே தயங்காமல் சொல்லியிருப்பேன்.

ஸ்மார்ட் ஸ்லைடர் 3 இவை இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. தலைப்பு, பத்தி, பொத்தான் ஆகியவற்றை உண்மையான எழுத்தாகப் படத்தின் மேல் வைக்கும் வசதி இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது, 3.5 பதிப்பு முதல் ஜேக்வெரி இல்லாமல் இயங்குகிறது. படத்தைப் படமாகவே பக்கத்தில் எழுதுகிறது. எழுத்தை வெட்டிப் பறக்கவிடும் விளைவு இலவசப் பதிப்பில் இல்லை; நம் மொழிகளுக்கு அந்தக் குறையே காப்பு. பல படங்களை அருகருகே நிறுத்தும் வகை கட்டணப் பதிப்பில்தான் உண்டு, ஆனால் அந்த வேலைக்கு நான் இந்தப் பிளகினைச் சிபாரிசு செய்யவில்லை. நிர்வாகப் பலகையில் அவ்வப்போது தலைகாட்டும் ‘மேம்படுத்துங்கள்’ அழைப்புகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இலவசப் பதிப்புகள் எல்லாவற்றுக்கும் உள்ள வாடகை அது.

இதை முடிவு செய்வதற்கு முன், உங்கள் தீம் எலிமென்டர் என்ற பக்கம் கட்டும் பிளகினால் கட்டியதா என்று பாருங்கள். அப்படியானால் அதில் ஸ்வைப்பரை வைத்து இயங்கும் படச் சுழல் ஏற்கெனவே இருக்கிறது. இன்னொரு பிளகினைச் சேர்ப்பது ஒரே வேலைக்கு இரண்டு நிரல்களை ஏற்றுவதாகும்.

கீழே வரும் புடவை வரிசைக்குப் பிளகின் வேண்டாம் என்றேன். வேர்ட்பிரஸின் சாதாரணப் படத்தொகுப்புப் பெட்டியில் பத்துப் படங்களையும் வைத்து, அதற்கு ஒரு வகுப்புப் பெயர் (சிஎஸ்எஸ் அடையாளம் காண்பதற்கான பெயர்) கொடுத்து, அவை மடிந்து அடுத்த வரிக்குப் போகாமல் ஒரே வரியில் நிற்கவும், கிடைமட்டமாக உருளவும், உருண்டு நிற்கும்போது ஒவ்வொரு படமும் விளிம்பில் சரியாகப் பொருந்தி நிற்கவும் நாலைந்து வரி சிஎஸ்எஸ் எழுதினால் போதும். ஸ்க்ரோல் ஸ்னாப் என்ற இந்த வசதி எல்லா முக்கிய உலாவிகளிலும் ஆண்டுகளாக இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட இல்லாததால் பழுதாக எதுவும் இல்லை; போனின் இயல்பான உருட்டலே வேலை செய்வதால் விரலுக்குப் பழகிய வேகம் இருக்கும். ஒவ்வொரு படத்தின் அகலத்தையும் திரையில் 80 சதவீதமாக வையுங்கள். அடுத்த புடவையின் கரை ஓரத்தில் எட்டிப் பார்க்கும். தள்ளினால் இன்னும் இருக்கிறது என்று சொல்ல வேறு அம்புக்குறியே தேவைப்படாது.

உச்சியில் உள்ள மூன்று படங்களுக்குத் திரும்புகிறேன். தாமாக நகர்வது ஐந்து விநாடிக்கு மேல் நீடித்து, பக்கத்தில் வேறு விஷயமும் இருந்தால், அதை நிறுத்தப் பார்ப்பவருக்கு ஒரு வழி கொடுக்க வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி என்ற அணுகல்தன்மை நெறிகளில் நெடுங்காலமாக உள்ள விதி. 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, இழுத்துத்தான் செய்ய முடியும் என்று எதையும் விடாமல், ஒரே தொடுதலிலும் அது முடிய வேண்டும் என்றும் சேர்த்தது. ஆகவே நிறுத்தும் பொத்தான் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அம்புகள் வேண்டும், விசைப்பலகையாலும் நகர்த்த முடிய வேண்டும். அசைவு வேண்டாம் என்று தம் போனிலேயே அமைத்துவைத்திருப்பவர்களுக்குப் படம் அசையாமல் நிற்க வேண்டும். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு இது சொகுசு விஷயமன்று. கல்யாணப் புடவையைத் தேர்வு செய்வதில் பாட்டிமாரின் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஒரு படத்துக்குக் குறைந்தது ஏழு விநாடியாவது கொடுங்கள், படத்தைத் தொட்டதும் சுழற்சி நிற்கும்படி அமையுங்கள்.

வாங்குவதற்கோ நிறுவுவதற்கோ முன் சோதனை செய்யாமல் இருக்காதீர்கள். பிளகின் நிறுவனத்தின் காட்சிப் பக்கத்தை நம்ப வேண்டாம். அது நல்ல சர்வரில், நல்ல படங்களோடு ஓடுகிறது. உங்கள் தளத்தின் நகல் ஒன்றை எடுத்து, அதில் பிளகினை நிறுவி, உங்கள் படங்களையே போடுங்கள். குரோமில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, டெவலப்பர் கருவியில் வலையமைப்புப் பகுதிக்குப் போய், வேகத்தை மெதுவான 4ஜி என்று குறைத்துப் பக்கத்தை ஏற்றுங்கள். வரும் கோப்புகளின் பட்டியலில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: தொடக்கத்திலேயே எத்தனை ஸ்லைடர் படங்கள் இறங்குகின்றன, முதல் படம் அந்த வரிசையில் எத்தனையாவது இடத்தில் கேட்கப்படுகிறது. ஒன்றோ இரண்டோ மட்டும் இறங்கி, முதல் படம் பட்டியலின் மேற்பகுதியில் இருந்தால் பிளகின் ஒழுங்கானது. பிறகு தொடர்புப் பக்கத்தைத் திறங்கள். ஸ்லைடரே இல்லாத அந்தப் பக்கத்திலும் பிளகினின் ஜாவாஸ்கிரிப்ட் இறங்கினால், அது தன் வேலையில்லாத இடத்திலும் கூலி வாங்குகிறது என்று பொருள். அமைப்புகளில் அதை நிறுத்த முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் அடுத்ததைத் தேடுங்கள். கடைசியாக ஜாவாஸ்கிரிப்டையே முடக்கிவிட்டு ஏற்றுங்கள்: முதல் படமாவது தெரிகிறதா என்பது பிளகின் எழுதியவரின் கவனத்துக்கு நல்ல அளவுகோல்.

கருவிகளின் எண்களோடு நிற்காமல் ஒரு பழைய போனிலும் திறந்து பாருங்கள். மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு உங்கள் கடையிலிருந்து நடக்கும் தூரம்தான். சில ஆண்டுகள் பழைய, 3 ஜிபி நினைவகமுள்ள ஆண்ட்ராய்டு போன் ஒன்றை வாங்கிக் கடையிலேயே சோதனைக்கென்று வைத்துக்கொண்டால், வைஃபையை அணைத்துவிட்டு மாலைக் கூட்ட நேரத்தில் தளத்தைத் திறந்து பார்க்கலாம்.

படங்களை மாற்றப்போவது யார் என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் வரமகாலட்சுமி நோன்பு, தசரா, தீபாவளி, பொங்கல், உகாதி என்று ஆண்டில் ஐந்து முறையாவது முகப்புப் படம் மாறும். பிப்ரவரியில் தீபாவளித் தள்ளுபடி சுழன்றுகொண்டிருக்கும் முகப்பு, கடை கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்ற எண்ணத்தைத்தான் கொடுக்கும். கடையில் கணக்கு எழுதுபவரோ தங்கையோ அதைச் செய்வதாக இருந்தால், அவர்களை உட்காரவைத்து, நீங்கள் குறுக்கே பேசாமல், ஒரு படத்தையும் மூன்று மொழித் தலைப்பையும் மாற்றச் சொல்லிப் பாருங்கள். அவர்களால் முடிந்தால் ஸ்மார்ட் ஸ்லைடரோடு இருங்கள். திணறினால், எழுத்தைப் படத்தின் மேலிருந்து எடுத்து அதற்குக் கீழே சாதாரணத் தலைப்பாக வைத்துவிட்டு, மெட்டாஸ்லைடருக்கு மாறிக்கொள்ளுங்கள்.